எட்டடி தூரத்தில் ஒரு வீணை

2023 செப்டம்பர் 10ஆம் தேதி, சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டில் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு வந்தது. கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள், நெரிசலில் மூச்சு முட்டியவர்கள், கூட்டத்தில் தொல்லைக்கு ஆளான பெண்கள் என்று புகார்கள் குவிந்தன. ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு நடந்தது, தாம்பரம் மாநகரக் காவல்துறை விசாரித்தது. எல்லோரும் இதை ஏற்பாட்டுக் கோளாறு என்று பேசினார்கள். கோளாறுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைத் திரட்டிய ஆசை எது என்பதை யாரும் அதிகம் பேசவில்லை. பாட்டு எல்லோருடைய போனிலும் இருக்கிறது, காசு கொடுக்காமலே கேட்கலாம். பாட்டுக்காக மட்டும் யாரும் அவ்வளவு தூரம் வரவில்லை. தன் வாழ்க்கையின் பல வருடங்களுக்குத் துணையாக இருந்த இசைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில், அவர் இருக்கும் காற்றில், கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்ற ஆசை அது. ஏற்பாடுகள் எந்தக் குறையுமில்லாமல் நடந்திருந்தாலும், பல்லாயிரம் பேர் நிற்கும் ஒரு மைதானத்தால் அந்த ஆசையை நிறைவேற்ற முடிந்திருக்குமா?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆசைக்குப் பொருத்தமான வடிவம் வேறொன்று. ஐம்பது, எண்பது, மிஞ்சினால் நூறு பேர். ஒரே ஒரு கலைஞர். கூட ஒரு தம்புரா, தேவைப்பட்டால் ஒரு பக்கவாத்தியம். மைக் இல்லை, இருந்தாலும் பேருக்கு. இப்படிப்பட்ட கச்சேரியில் ரசிகர்கள் கண்கலங்குவதும், முடிந்த பிறகு பேச்சு வராமல் உட்கார்ந்திருப்பதும் புதிதல்ல. பிடித்தவரைக் கிட்டத்தில் பார்த்த சந்தோஷம் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. பிடித்தவரை விமான நிலையத்தில் கிட்டத்தில் பார்த்தால் செல்ஃபி எடுக்கத் தோன்றும், அழத் தோன்றாது. சின்ன அறையில் ரசிகருடைய மனம் இளகுவதற்குக் காரணம், தான் அங்கே உட்கார்ந்து கேட்பதால் அந்த இசை வேறாகிறது என்பதை அவர் உணர்வதுதான். அந்த உணர்வு எப்படி வருகிறது என்று விளக்க முடியும். விளக்கிவிட்டால், அதைச் சென்னையின் தெற்குப் புறநகரான ஊரப்பாக்கம் போன்ற ஓர் ஊரிலும் உண்டாக்க முடியும்.

நம்மிடம் இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. வீணை தனம்மாள் 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிப்பார். மேடை கிடையாது, மிருதங்கம் கிடையாது. விரலில் கம்பிச் சுருள் மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே மீட்டுவார். சில சமயம் வீணையோடு தானும் சன்னமாகப் பாடுவார். வந்து உட்கார்ந்தவர்கள் அந்தக் காலத்துப் பெரிய வித்வான்களும், விஷயம் தெரிந்த ரசிகர்களும். சின்னச் சத்தத்தையும் அவர் பொறுக்க மாட்டார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. அதைக் கோபக்காரப் பெரியவரின் குணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவர் வாசித்த விதத்துக்கு அமைதி ஒரு கருவி மாதிரி தேவைப்பட்டது. வெறும் விரல் மீட்டும் ஒலி அவ்வளவு மெல்லியது. அதைக் கேட்க வேண்டுமானால் அறை முழுவதும் சேர்ந்து அடங்க வேண்டும். அப்படி அடங்கும்போது, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கச்சேரிக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கிறார். மூச்சைக்கூட அளந்து விடுகிற ஒருவரை வெறும் பார்வையாளர் என்று சொல்ல முடியுமா?

தனம்மாளைச் சுற்றி எவ்வளவோ புகழ்மாலை சேர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. வரலாற்றாய்வாளர் லட்சுமி சுப்ரமணியன் அவரைப் பற்றி 2009இல் வெளியிட்ட நூலில், அந்தப் புகழுருவம் எப்படிப் படிப்படியாகக் கட்டப்பட்டது என்பதையே ஆராய்கிறார். ஆகவே அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிய ஒவ்வொரு கதையையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதைகளை விட்டுவிட்டு விளைவுகளை மட்டும் பார்த்தாலும் போதும். அந்த வீட்டில் வளர்ந்த பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதங்கள் பாடியதை இன்றும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி பரதநாட்டியத்தை உலகத்துக்குக் காட்டினார். சத்யஜித் ராய் அவரைப் பற்றி 1976இல் ஆவணப்படம் எடுத்தார். பேரன்களில் விஸ்வநாதன் புல்லாங்குழலையும் ரங்கநாதன் மிருதங்கத்தையும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கூடத்துக்குள் அடங்கிய கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கப்பட்ட இசை, ஒரு நூற்றாண்டைத் தொட்டிருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வைத்து ஒரு கச்சேரியின் பலனை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையா என்று தெரியவில்லை.

வீணையைப் பக்கத்தில் இருந்து கவனித்தால் விஷயம் இன்னும் துலங்கும். வீணையில் 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. வலக்கை ஒரு தடவை மீட்டுகிறது. அந்த ஒரே மீட்டில் கிளம்பிய ஒலி தேய்வதற்குள், இடக்கை விரல் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு சுரங்களைத் தொட்டுவிட்டு வருகிறது. மீட்டியவுடன் வரும் ஒலி பலமானது; கடைசியில் விரல் நழுவித் திரும்பும் இடம், காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற அளவுக்கு மெலிந்தது. ராகத்தின் உயிர் பெரும்பாலும் அந்த மெலிந்த வாலில்தான் இருக்கிறது. எட்டடி தூரத்தில் உட்கார்ந்தவருக்கு அது கேட்கும். விரல் போவதும் தெரியும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு ஆறு டெசிபெல் குறையும். அதனால் பெரிய அரங்கில் ஸ்பீக்கர் வைத்துத்தான் ஆக வேண்டும். ஸ்பீக்கர் வந்தால் மீட்டும் அதிர்ச்சி, விரல் உரசும் சத்தம், பக்கத்து மிருதங்கம் எல்லாம் சேர்ந்து பெரிதாகின்றன. அந்த வால் மட்டும் எதிலோ அமுங்கிப் போகிறது. மைதானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, திரையில் உதடு அசைந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் மேடையின் ஒலி வந்து சேரும். இடையிடையே ஸ்பீக்கர் கோபுரம் நட்டு இதைச் சரிக்கட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். ஆனாலும் அவர் கேட்பது கோபுரத்தை, பார்ப்பது திரையை.

இனி, ரசிகர் மனதில் நடப்பதைப் பார்ப்போம். இசை கேட்டு மெய்சிலிர்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். மகிழ்ச்சியோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள், சிலிர்க்கும் கணத்தில் மட்டும் சுரக்கவில்லை. அதற்குச் சற்று முன்னாலேயே, ‘இதோ வரப்போகிறது’ என்று மனம் காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிட்டது. கர்நாடகக் கச்சேரி கேட்பவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. பாடகர் நிஷாதத்தில் நின்றுகொண்டு மேல்ஷட்ஜத்துக்குப் போகாமல் இழுத்தடிக்கும்போது சபை முழுவதும் முன்னால் சாய்வதை யாரும் பார்க்கலாம். தெரிந்த கீர்த்தனையில் நான்காவது சங்கதிக்காக ரசிகர் காத்திருப்பதும் அதுவேதான். சின்ன அறையில் இந்தக் காத்திருப்பு இரண்டு பக்கமும் தெரிகிறது. பாடகருக்கு ரசிகரின் முகம் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் காக்க வைக்கலாம் என்றோ, போதும், இப்போது கொடுத்துவிடலாம் என்றோ அவர் முடிவுசெய்வது அந்த முகங்களைப் பார்த்துத்தான். மேடை விளக்கு கண்ணில் அடிக்க, முன்னால் இருட்டுக்குள் ஆயிரம் தலைகள் இருக்கும் அரங்கில் இந்தப் பேச்சுவார்த்தைக்கு வழியில்லை. அங்கே பாடகர் ஒரு கற்பனைச் சபைக்குப் பாடுகிறார். அனுபவம் உள்ளவர் அதையும் நன்றாகவே செய்கிறார்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், ஒருவரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர் ஒருவருக்காகவே ஒரு பியானோ கலைஞரை நேரடியாக வாசிக்க வைத்தார்கள். கேட்பவரின் மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதி எவ்வளவு கிளர்ச்சி அடைகிறது என்பது கலைஞருக்கு உடனுக்குடன் காட்டப்பட்டது. அதற்கேற்ப அவர் வாசிப்பை மாற்றிக்கொண்டார். அதே இசையைப் பதிவில் கேட்டபோதைவிட நேரில் கேட்டபோது கிளர்ச்சி அதிகமாகவும் சீராகவும் இருந்தது. ஸ்கேன் கருவிக்குள் கிடந்து கேட்பது கச்சேரி ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஆய்வு பிரித்துக் காட்டிய விஷயம் முக்கியமானது. கேட்பவரின் நிலை வாசிப்பவருக்குத் தெரிந்து, வாசிப்பு அதற்கேற்ப மாறும்போது, கேட்பவரின் உணர்ச்சி கூடுகிறது. ஆய்வகத்தில் கருவி செய்த வேலையை, பத்தடி தூரத்தில் இருக்கும் ஒரு முகமும், தன்னையறியாமல் வாயிலிருந்து வரும் ஒரு ‘பலே’யும் செய்துவிடுகின்றன.

நல்ல ஹெட்போன் இதைவிட நெருக்கமாகக் கேட்க வைக்கிறதே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2008இல் பாம்பே ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் பாடிய ‘மார்கழி ராகம்’ திரையரங்குக்காகவே எடுக்கப்பட்ட கச்சேரிப் படம். எதிரில் ரசிகர் கூட்டம் இல்லாமல் படமாக்கப்பட்டது. கேமரா விரலுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் போயிற்று. எந்த சபாவின் முதல் வரிசையிலும் கிடைக்காத தெளிவு அதில் இருந்தது. அதை மதிக்கிறேன். பதிவு செய்த இசை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் தெரியும். தனம்மாளின் வாசிப்பே கடைசிக் காலத்தில் எடுத்த சில இசைத்தட்டுகள் வழியாகத்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது. ஆனால் பதிவில் ரசிகர் என்ன செய்தாலும், அழுதாலும் எழுந்து போனாலும், அடுத்த சங்கதி ஏற்கெனவே முடிவானபடிதான் வரும். கேட்பவருக்கு அதில் பொறுப்பு இல்லை. சின்ன அறையில் பொறுப்பு இருக்கிறது. என் கவனம் சிதறினால் அது அவருக்குத் தெரியும் என்ற நினைப்பே ஒருவரை வேறு மாதிரி கேட்க வைக்கிறது. அந்தப் பொறுப்பு ஏற்றவருக்குத்தான் இசை முடிந்ததும் கண் நிறைகிறது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் இன்னொன்று. சின்னக் கச்சேரி என்றாலே மேட்டுக்குடிக் கச்சேரிதானே? தெரிந்தவர்கள், அழைக்கப்பட்டவர்கள், ஒரு வட்டம். மைக்கும் வானொலியும் ஒலிபெருக்கியும் வந்த பிறகுதானே, கூடத்துக்குள் காலடி வைக்க முடியாதவர்கள் காதிலும் இசை விழுந்தது? இது முழுக்க உண்மை, இதை மழுப்பக் கூடாது. யார் வரலாம் என்பதைச் சாதியும் வர்க்கமும் தீர்மானித்த காலம் அது. வாசித்த தனம்மாளோ, நாட்டியத்தையும் இசையையும் தலைமுறைகளாகக் காப்பாற்றிவிட்டு அதற்காகவே இழிவுபடுத்தப்பட்ட பெண்களின் மரபில் வந்தவர். மைக்கும் ஒரு விடுதலைதான். அது வருமுன் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக உச்சக் கட்டையில் கத்திப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்ததும் சன்னக் குரலுக்கும் இடம் கிடைத்தது. நான் மைக்கை எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கூடங்களில் ஆட்களை வெளியே நிறுத்தியது வாசலில் இருந்த மனிதர்கள்தான். அறை சிறியது என்பதற்காக யாரும் நிறுத்தப்படவில்லை. சின்னக் கச்சேரி நகரத்தின் நான்கைந்து தெருக்களுக்குள் மட்டும் நடந்தால் அது வட்டத்துக்குள்தான் சுற்றும். நூறு ஊரில் நூறு பேருக்கு நடந்தால் பத்தாயிரம் பேர் கேட்டிருப்பார்கள், ஒவ்வொருவரும் எட்டடி தூரத்தில்.

கூட்டத்தோடு சேர்ந்து பாடும் உணர்ச்சியைக் குறைத்துச் சொல்வதாகவும் யாரும் எண்ண வேண்டாம். இருபதாயிரம் பேர் ஒரே பல்லவியைச் சேர்ந்து பாடும்போது தனி மனிதர் கரைந்துபோவது உண்மையான அனுபவம். சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இலேயே, கூட்டமாகச் சேரும் மனிதர்களுக்குள் பொங்கும் இந்த எழுச்சியைத்தான் மதத்தின் ஊற்று என்றார். திருவிழாவில் நமக்கு அது தெரியும். எல்லா இசையும் அறைக்குள் அடங்குவதும் இல்லை. நாகஸ்வரமும் தவிலும் வீதிக்காகவே பிறந்தவை. நான்கு சுவருக்குள் வைத்தால் காது தாங்காது. ஆனால் கூட்டத்தில் ரசிகர் தன்னை மறக்கிறார், அறையில் தன்னைக் கண்டுகொள்கிறார். இவை இரண்டும் வேறு வேறு பசிகள். தென்சென்னைப் புறநகர்களில் முதல் பசிக்கு மைதானங்கள் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஊரைப் பிளந்து போகின்றன. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து தமிழ்நாட்டின் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் சென்னைக்குள் வருகிறது. அடுக்குமாடிகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்களில் இசை தெரிந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புபவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஆறரை மணிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் போக வேண்டுமானால் எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு மணி நேரம், பிறகு பஸ்ஸோ ஆட்டோவோ. ஒன்பது மணிக்கு முடிந்தால் அதே பாடு திரும்பவும். வேலைக்குப் போகும் ஒருவர் வருடத்துக்கு ஓரிரு தடவைக்கு மேல் இதைச் செய்ய மாட்டார். வயதானவர்கள் செய்யவே மாட்டார்கள். இசைக்காரர் ஊரப்பாக்கம் வருவதுதான் சுலபம். வருபவர் ஒருவர், போக வேண்டியவர்கள் நூறு பேர்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. பல குடியிருப்புகளில் பொதுக்கூடம் இருக்கிறது, பள்ளிக்கூட அரங்குகள் இருக்கின்றன, கல்யாண மண்டபங்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒலி. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கண்ணாடி ஜன்னலும் இருக்கும் கூடத்தில் ஒரு சுரம் அடுத்த சுரத்தின் மேல் வழியும். தரை முழுவதும் ஜமக்காளம் விரித்து, சுவர்களில் கனத்த திரை தொங்கவிட்டு, எண்பது பேரை உட்கார வைத்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்; மனித உடம்பும் துணியும் எதிரொலியை நன்றாகவே உறிஞ்சும். சீலிங் ஃபேன்தான் பெரிய எதிரி. ஆறு ஃபேன் ஓடும் கூடத்தில் வீணையின் அந்த மெலிந்த வால் யாருக்கும் கேட்காது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மண்டபம் வேண்டாம், லாரி ஹாரனோடு போட்டி போட முடியாது. உள்தெருக் கூடமே நல்லது. சென்னையின் சில சிறு அரங்குகளில் மைக் இல்லாத கச்சேரி என்றே அறிவித்து நடத்தியிருக்கிறார்கள். மேடையிலிருந்து பாடகர் விரலைத் தூக்கி மைக்காரருக்குச் சாடை காட்டும் அந்தப் பழக்கமான காட்சி அங்கே இல்லை. அவருடைய கவனம் முழுவதும் எதிரில் இருப்பவர்களுக்கே கிடைக்கிறது.

பணம் எங்கிருந்து வரும் என்பது நடத்த நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எண்பது பேர், தலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000 ரூபாய். மைக் செட் வாடகை இல்லை, மேடை அலங்காரம் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. கூடத்துக்கான சிறு செலவு போக மீதி கலைஞருக்கே போகலாம். முன்னணி வித்வான்களுக்கு இது போதாது. ஆனால் டிசம்பர் சீசனில் பெரிய சபாக்களின் நண்பகல் நேரத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடிவிட்டுப் போகும் திறமையான இளைஞர்களுக்கு இது கௌரவமான தொகை. அதைவிடப் பெரியது, கேட்க வந்த எண்பது முகங்கள். காசு கொடுக்க முடியாத வீடுகளின் பிள்ளைகளுக்கு முன்வரிசை ஜமக்காளத்தை ஒதுக்கிவைத்தால், வாசலில் ஆளை நிறுத்திய பழைய பாவத்தில் கொஞ்சமாவது கழியும்.

மார்கழியில் தொடங்க வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். கல்யாணமும் இல்லை, மண்டபமும் காலி. ஆனால் அந்த மாதம் இசைக்காரர்கள் எல்லோரும் நகரத்து சபாக்களில் மூழ்கியிருப்பார்கள், வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்துத் தெருக்களை என்ன செய்யும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆடியிலும் முகூர்த்தம் கிடையாது. அப்போது கலைஞர்கள் ஓரளவு கையோய்ந்திருப்பார்கள், தெருவில் தண்ணீர் நிற்பதும் குறைவு. ஏ.சி. உள்ள ஒரு பொதுக்கூடத்தைப் பிடித்து, ஃபேன்களை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு வீணையோடு ஒன்றரை மணி நேரம் நடத்திப் பார்க்கலாம்.